ராஜினாமா மேடமும் அட்டைப்பெட்டியும்

ஏசி ஒழுகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்காக நேராக விடைத்தாள் கட்டின் மேல்தான் ஒழுக வேண்டுமா?

நாற்காலியில் ஒரு கட்டு, ஜன்னல் விளிம்பில் ஒரு கட்டு, மடியில் ஒரு கட்டு என்று வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள் ராஜினாமா மேடம்.

பெயர் வைத்தது மாணவர்கள். மனிதவளம் கற்றுக்கொடுக்கும் அந்தத் துறையில் அவள் விரிவுரையாளர். ஆட்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. போகப் போகிறவர்களைப் போகும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் எழுதிய கட்டுரைக்கு நல்ல பெயர். மேஜையைக் காலி செய்வார்கள். யாரும் கேட்காமலே, ‘நான் எங்கேயும் போகலை’ என்பார்கள். சண்டைக்காரர்கள் சாதுவாகிவிடுவார்கள். போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்கள். பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருளை எல்லாம், ‘நீங்களே வச்சுக்குங்க’ என்று தூக்கிக் கொடுப்பார்கள். துறையில் எல்லோருக்கும் இது மனப்பாடம். பாவம், அவர்களுக்கும் வேறு வழியில்லை. டீ குடிக்கும்போதுகூட அவள் இதைத்தான் பேசுவாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வருஷா வருஷம், ‘இன்னும் ஒரு வருஷம் இருங்க’ என்று நீட்டிக்கிற வேலை. இந்த வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு கூடுகிறது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. துறைத்தலைவர் யார் பெயரைச் சொல்கிறாரோ, அவருக்குத்தான்.

மடியிலிருந்த கட்டிலும் ஒரு சொட்டு விழுந்தது. இது சரிப்படாது என்று எழுந்தாள்.

துறைத்தலைவர் அறை வாசலில், சுவரோரம், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கும் என்று நினைத்தாள். பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினால், எதிரே சம்பள சார்.

சம்பள சார் ஊதியம் பற்றிப் பாடம் நடத்துகிறவர். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அறிவிப்புப் பலகையில் தனியாக ஒட்ட வேண்டியதில்லை.

“என்ன தங்கச்சி, பெட்டியும் கையுமா?”

“நான் எங்கேயும் போகலை சார்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“போறீங்களான்னு நான் கேக்கவே இல்லையே!” சம்பள சாரின் கண் அகலமாகியது. “கேக்காமலே சொல்றவங்களைப் பத்தி ஒரு கட்டுரையில...”

“அது என் கட்டுரை சார்! ஏசி ஒழுகுது. பேப்பரை வைக்கப் பெட்டி எடுத்தேன். அவ்வளவுதான்.”

“நம்பறேன்மா. நான் நம்பாம வேற யார் நம்புவா?” என்று சொல்லிவிட்டு, நம்பாத நடையில் விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

மதியத்துக்குள் மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். ஒருவர், அவள் போகிற கல்லூரியில் இன்னொரு இடம் காலியிருக்குமா என்று கேட்டார். இன்னொருவர் அவளுடைய ஜன்னலோர மேஜையை அளந்து பார்த்தார்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பல் டாக்டர்.

“போறேன்னு நெனச்சா இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. போறவளுக்கு எதுக்கு நிரந்தரம்னு கேப்பாங்கள்ல?”

“இதோ பாரு, என் தொழில்ல எல்லாரையும் வாயைத் திறங்கன்னுதான் சொல்லுவேன். உனக்கு மட்டும் சொல்றேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் மூடி வை. நீ விளக்கம் சொல்லச் சொல்லத்தான் சந்தேகம் வருது.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மறுநாள் துறைக் கூட்டம். கால அட்டவணை போடுகிற நாள் என்றால் ராஜினாமா மேடத்தின் குரல் தெருமுனை வரை கேட்கும். காலை முதல் வகுப்பு வேண்டாம் என்பாள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம் என்பாள். துறைத்தலைவரும் லேசுப்பட்டவர் இல்லை. பலகையில் எழுதுகிற பேனா ஒன்று கேட்டால்கூட, ‘பழசு எங்கே?’ என்று கேட்கிற மனிதர்.

“சனிக்கிழமை முதல் வகுப்பு உங்களுக்குப் போட்டிருக்கு” என்றார் துறைத்தலைவர், சண்டைக்குத் தயாராக நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு.

“சரி சார்.”

துறைத்தலைவர் நாற்காலியின் கையை விட்டார்.

“எட்டு மணிக்கு” என்றார் அவர், சரியாகக் கேட்கவில்லையோ என்று.

“சந்தோஷம் சார்.”

பக்கத்திலிருந்தவர் அவள் முகத்தை எட்டிப் பார்த்தார். சம்பள சார் குனிந்து அடுத்தவர் காதில், “சாதுவாயிட்டாங்க” என்றார். அது நாலு வரிசை தள்ளிக் கேட்டது.

துறைத்தலைவரும் ஆடிப்போயிருக்க வேண்டும். அன்று யார் எதைக் கேட்டாலும், “சரி, செஞ்சுக்குங்க” என்றார். புது நாற்காலியா? சரி. நூலகத்துக்கு இன்னொரு அலமாரியா? சரி, சரி. பாதியில் அவருக்குப் போன் வந்தது. வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் வந்தது. கணவர்தான். கூட்டத்தில் பேசினால் நன்றாக இருக்காதே என்று எழுந்தாள்.

கதவு சாத்துவதற்குள் உள்ளே யாரோ, “வெளியே போய்ப் பேசறாங்க!” என்றது காதில் விழுந்தது.

தாழ்வாரத்தில் துறைத்தலைவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “ரெண்டு பேருக்குச் சின்ன வீடு போதும்ப்பா. வெளிச்சம் இருக்கான்னு மட்டும் பாரு” என்று குசுகுசுவென்று பேசினார். சமீபத்தில் கல்யாணமான மகனுக்கு வீடு தேடுகிறார் போல என்று அவள் ஒதுங்கிப் போனாள்.

“என்னங்க? கூட்டத்துல இருக்கேன்.”

“வாயை மூடி வச்சிருக்கியா?”

“வச்சிருந்தேன். அதுதான் தப்பாப் போச்சு!”

அன்று சாயங்காலம் வேறு யோசனை பிறந்தது. அவளுக்குத்தான் பிறந்தது, அதனால் கணவரைக் குறை சொல்ல முடியாது.

“இங்கேயே இருக்கப் போறவங்க என்ன செய்வாங்க?”

“வேலை செய்வாங்க” என்றார் அவர்.

“இல்லீங்க. சாமான் சேர்ப்பாங்க. மாடியில சும்மா கிடக்குதே தேக்கு அலமாரி, அதைக் கொண்டுபோய் என் ரூம்ல நிறுத்திட்டா? அதைப் பார்த்த பிறகு எவனாவது நான் போறேன்னு சொல்லுவானா?”

“அதைத் தூக்கின பிறகு நான் போயிடுவேன்.”

ஆனாலும் தூக்கினார். நல்ல மனுஷன். காலையில் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, மாடி ஏறி, அறை வாசலில் வைத்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே ஏற்கெனவே நிற்கிற இரும்பு அலமாரியை எடுத்தால்தான் இது நுழையும். எடுப்பதற்கு முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குப் போயின. சுவரிலிருந்த படங்கள் கீழே இறங்கின. இரும்பு அலமாரியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தாழ்வாரத்தில் இழுத்தபோது அது எழுப்பிய சத்தத்தில் வகுப்புகள் நின்றுபோயின.

கதவுக்குக் கதவு தலைகள். முன்னால் சம்பள சார்.

“மாப்பிள்ளை, நீங்களே வந்துட்டீங்களா? ஆளை வச்சுத் தூக்கக் கூடாதா?”

“இவளுக்கு அவசரம் சார்” என்றார் பல் டாக்டர் மூச்சு வாங்க.

“இருக்காதா பின்னே! போற இடத்துல எப்போ சேரணுமாம்?”

“சார், இது வெளியே போகுது. அது உள்ளே வருது!” என்று ராஜினாமா மேடம் தேக்கு அலமாரியைக் காட்டினாள்.

சம்பள சார் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “ஞாபகார்த்தமா துறைக்கு விட்டுட்டுப் போறீங்களா? பெரிய மனசும்மா உங்களுக்கு.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கணவரோ அலமாரி மேல் சாய்ந்து உட்கார்ந்து, “எனக்கு ஒரு டவுட்டு. நீ உண்மையிலேயே போகலையே? எங்கிட்டயாவது சொல்லிடு” என்றார்.

பிற்பகல் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வழக்கமாகக் கடைசி வரிசை எழுந்து நிற்காது. முன்வரிசைப் பெண் கேள்விகள் எழுதிய தாளோடு அருகில் வந்தாள்.

“மேடம், அசைன்மென்ட்டுக்கு நிஜமாவே வேலையை விடுற ஒருத்தரைப் பேட்டி எடுக்கணும்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா. யாரைப் பிடிச்சிருக்கே?”

“உங்களைத்தான் மேடம். முதல் கேள்வி, எந்தக் கணத்தில இந்த முடிவுக்கு வந்தீங்க?”

“நான் முடிவுக்கே வரலைம்மா!”

அந்தப் பெண் தலையை ஆட்டியபடி எழுதிக்கொண்டாள். “மறுக்கிறார்.” பிறகு நிமிர்ந்து, பேனாவை மூடி வைத்தாள். “அசைன்மென்ட்டை விடுங்க மேடம். போகாதீங்க. நாங்க வகுப்புக்கு ஒழுங்கா வரோம்.”

கடைசி வரிசை, “சத்தியமா மேடம்” என்றது.

ராஜினாமா மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் போகிறவர்களைப் பற்றியே பேசியிருக்கிறாள். இருக்கிறவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று யாரையும் கேட்டதில்லை. தன்னைக்கூடக் கேட்டதில்லை.

அப்போது ஆள் வந்தது. துறைத்தலைவர் கூப்பிடுகிறாராம்.

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே போனாள். அவர் அறை பளிச்சென்று இருந்தது. மேஜை மேல் எப்போதும் மலை போல் குவிந்திருக்கும் காகிதங்களைக் காணோம். வெள்ளையடிக்கப் போகிறார்களோ என்னவோ.

“உட்காருங்கம்மா. முதல்ல இதைப் பிடிங்க.”

அவர் நீட்டியது ஆராய்ச்சி முறைகள் பற்றிய அந்தத் தடிப் புத்தகம். யாருக்கும் இரவல் தராமல் பூட்டி வைத்திருப்பாரே, அதே புத்தகம்.

“நீங்களே வச்சுக்குங்க” என்றார்.

வழியனுப்புப் பரிசு! புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“வேண்டாம் சார்! நான் போகலை. பெட்டி எடுத்தது ஏசி ஒழுகுதுன்னு. சாதுவா இருந்தது வீட்டுக்காரர் சொன்னாருன்னு. அலமாரி கொண்டுவந்தது இங்கேயே இருக்கத்தான். நாலு இடத்துல கூப்பிட்டாங்க சார், போன வருஷமே. நான் போகலை. ஏன் போகலைன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. எனக்கு இந்தப் பிள்ளைங்களைப் பிடிச்சிருக்கு. சம்பள சாரைக்கூடப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை எட்டு மணி வகுப்பு மட்டும் பிடிக்கலை. அதுக்கு நாளைக்கு வந்து சண்டை போடறேன்.”

துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததே இல்லை.

“இது போதும்மா. சண்டை போடறேன்னு சொன்னீங்களே, அது போதும். ரெண்டு நாளாத் தூக்கமில்லை எனக்கு. நீங்களும் போயிட்டா இந்தத் துறையை யார் பார்த்துக்குவா? வெள்ளிக்கிழமை குழுவுக்கு உங்க பேரைத்தான் சொல்லப் போறேன். எழுதியே வச்சுட்டேன்.”

“சார்!”

“அழாதீங்க. புத்தகம் நனையும். வாங்க, அந்த ஏசியைப் பார்ப்போம். அது சரியாகாட்டியும் பரவாயில்லை. நல்ல ரூம் ஒண்ணு சீக்கிரம் காலியாகுது, உங்களுக்கே ஒதுக்கிடலாம்.”

எந்த அறை என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் எழுந்து நடந்துவிட்டார்.

அவள் அறையில் தேக்கு அலமாரி கம்பீரமாக நின்றது. ஏசி, இப்போது அதன் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சம்பள சார் உதவி செய்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க” என்றார் துறைத்தலைவர். “மேடம் எங்கேயும் போகலை.”

“நான் அப்பவே சொன்னேனே!” என்றார் சம்பள சார்.

“போறவங்களை நீங்க எல்லாம் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவீங்களாக்கும்” என்று ராஜினாமா மேடம் பழைய குரலில் ஆரம்பித்தாள். “அதுக்குப் பயிற்சி வேணும் சார். இந்தக் கட்டடத்துல யார் கிளம்பினாலும் எனக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிடும்.”

துறைத்தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். கார் சாவியைக் கையில் சுழற்றியபடி துறைத்தலைவரின் மனைவி வந்து நின்றார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு அறையின் மூலையைப் பார்த்தார்.

“என்னங்க, புது வேலைக்குப் போற ஊருக்குச் சாமான் கட்ட வாங்கி வச்ச பெட்டியில ஒண்ணு குறையுதுன்னு ரெண்டு நாளாத் தேடினீங்களே, இதோ, இவங்க ரூம்லதான் இருக்கு!”