காயப்போட்ட கரும்பும் சம்பந்தியின் கருணையும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் வீட்டுக்காரியும் நலம். கரும்புதான் நலமில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாகத் தாங்கள், தங்கள் வீட்டிலேயே, வெகுகாலம் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெண்ணைக் கொடுத்தவன் கோபப்படக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் தாங்கள் பஸ் ஏறிய பிறகு ஆறு நாள் ஆறப்போட்டு, நிதானமாக எழுதுகிறேன். பத்து நாள் தங்கினீர்கள். ரெக்கார்டு அறையில் முப்பத்தைந்து வருஷம் தலைமை எழுத்தராக இருந்த கை சும்மா இருக்காது என்றீர்கள். சரி, விருந்தாளியின் ஆசையைக் கெடுப்பானேன் என்று சோகை உரிக்கச் சொன்னேன். சோகை என்றால் காய்ந்த இலை. காய்ந்த இலை, சம்பந்தி! தாங்கள் பச்சை இலையையும் சேர்த்து உரித்து, ஓரத்து நாலு வரிசையை மொட்டையாக நிறுத்திவிட்டு, "இப்பத்தான் காத்தோட்டமா இருக்கு" என்றீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் கிழக்குத் துண்டுக்குப் போனீர்கள். அது போன மாதம் வெட்டி முடித்த இடம். அடிக்கட்டையைச் சீவிவிட்டால் அதிலிருந்தே அடுத்த பயிர் துளிர்க்கும். நாங்கள் மறுதாம்பு என்போம், தாங்கள் குப்பை என்றீர்கள். ஒரு வரிசை முழுக்கத் தோண்டி, உயரவாரியாக வரப்பில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி நம்பர் வேறு போட்டிருந்தீர்கள். நான் ஏதாவது சொன்னேனா? "பிரமாதம்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். மேற்குத் துண்டுக்கு வருகிறேன். பதினோரு மாதக் கரும்பு. வெட்டுக்கு முன்னால் ஒரு மாதம் தண்ணீரை நிறுத்திக் காயப்போட வேண்டும். அப்போதுதான் இனிப்பு ஏறும். தாங்கள் வந்த அன்றே மோட்டார் கொட்டகை வாசலில் நிறுத்தி இதைச் சொன்னேனா இல்லையா? தலையைத் தலையை ஆட்டினீர்களே! எட்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்குது. வாய்க்கால் ஈரத்தைப் பாத்தா அன்னிக்கு மட்டும் விட்ட தண்ணியா தெரியல, நாலு நாளா ஓடியிருக்கு. மோட்டாரை எவன்டா தொட்டதுன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்துத் தோட்டக்காரர் பாதிச் சவரத்தோட ஓடி வந்துட்டார். என் வீட்டுக்காரி வெண்டைப் பாத்தி ஓரமா ஒதுங்கி நிக்கிறா. அப்பத்தான் தாங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து, "நான்தான் சம்பந்தி. பயிர் வாடுதேன்னு மனசு கேக்கல" என்றீர்கள்.

மனசு கேக்கலையாம்! அந்த ரெக்கார்டு அறையில எத்தனை ஃபைலுக்கு இப்படித் தண்ணி ஊத்தினீங்க? அன்னிக்கும் விருந்தாளின்னு வாயைப் பொத்திக்கிட்டேன். இப்ப கேளுங்க. முந்தாநாள் சர்க்கரை ஆலைக்காரர் வந்தார். சாறு ஒரு சொட்டு இனிப்பு அளக்குற கருவியில விட்டுப் பாத்தார். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இருபது காட்டின கருவி பதினஞ்சு காட்டுது. கருவிதான் கெட்டுப்போச்சோன்னு துடைச்சுத் துடைச்சுப் பாத்தார். "இதை வெட்ட முடியாதுங்க, மூணு வாரம் கழிச்சுப் பாப்போம்"னு போயிட்டார். வெட்டுற ஆளுங்களோட மேஸ்திரி ஒரு துண்டை ஒடிச்சுக் கடிச்சுப் பாத்துட்டு, "இது கரும்பு இல்லண்ணே, தண்ணிக் குழாய்" அப்படீங்கிறான். ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிட்டான். இன்னும் முப்பது நாள்ல இந்தப் பருவத்துக்கு ஆலையை மூடப் போறாங்க. அதுக்குள்ள காயலேன்னா, ஆளு திரும்பி வரலேன்னா, பதினோரு மாச உழைப்பு அப்படியே தோட்டத்துல நின்னு பூப் பூக்கும். அதைப் பாத்து நீங்க காத்தோட்டமா இருக்குன்னு சொல்லுவீங்க. எனக்கு வயிறு எரியுது சம்பந்தி. வேற யாராவது இதைச் செஞ்சிருந்தா வரப்புலயே நிக்க வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

ஆகவே, அடுத்த முறை வருவதாக இருந்தால் கரும்பு இல்லாத வருஷமாகப் பார்த்து வரும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், இத்தனை வருஷம் தங்களோடு குடித்தனம் நடத்தியதற்காக என் அனுதாபமும்.

இப்படிக்கு,
தங்கள் மீது மரியாதை குறையாத,
சம்பந்தி

பின்குறிப்பு: மரியாதைக் குறைவாக ஏதாவது விழுந்திருக்கிறதா என்று வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மோட்டார் போட்டது நான்தான்" என்றாள். அவளுடைய வெண்டைப் பாத்தி வாடியதாம். காலையில் நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் நேரத்தில் நாலு நாள் போட்டிருக்கிறாள். கரும்புக்குப் போகும் மடை சரியாக அடைபடவில்லை, அதை அவள் கவனிக்கவில்லை. "நீங்க கத்தினப்ப எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அவர் குறுக்க வந்து பழியை ஏத்துக்கிட்டார்" என்கிறாள். கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். ஆனால் சோகையும் மறுதாம்பும் தாங்கள் செய்ததுதான் என்பதால் அப்படியே அனுப்புகிறேன். மோட்டார் சம்பந்தப்பட்டதை மட்டும் படிக்காமல் விட்டுவிடவும். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று அவளைக் கேட்டேன். "உங்ககிட்டயா?" என்றாள். என் சத்தத்துக்கு அவள் நடுங்குவாள் என்பது முப்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை சம்பந்தி. தங்களுக்கு எட்டு நாளில் தெரிந்திருக்கிறது. என் மகள் தங்கள் வீட்டில் வாழ்கிறாள் என்பதை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது.