தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்ட கிளிமீன்

மஜுரோ படகுத்துறைக்கு அருகில் வசிக்கும் மதிப்புக்குரிய மச்சான் லாய்விஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை லிஜூனின் கணவன் ஜோர்போன் பணிவுடன் யோக்வே என்று வணக்கம் சொல்லி எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன். அதை இனி டாக்டரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்துக்கு வரும்போது, 'என்னடா, மீனே இல்லையே' என்று தாங்கள் முகம் சுளிக்கக் கூடாது. அணுகுண்டு வெடித்த பிறகு பவளத்திட்டுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க அமெரிக்கக் கப்பலில் ஒரு மீன் டாக்டர் வந்திருக்கிறார், என் அரைகுறை ஆங்கிலத்தை நம்பி என்னையே பேச்சை மொழி மாற்றிச் சொல்ல வைத்தார்கள், அதுதான் வினை. லிஜூன் பிடித்து வந்த கொழுத்த கிளிமீன் மேல் அவர் ஒரு கருவியை நீட்ட, தகரக் கூரையில் நண்டுக் கூட்டம் ஓடுவதுபோல் அது சடசடக்க, அவர் "ஹாட்" என்றார், நானும் "சூடா இருக்காம்" என்றேன். தங்கள் தங்கை மீனைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுவா சூடு? ஜில்லுன்னு கெடக்கு! ஒன் இங்கிலீஷைத் தூக்கி அடுப்புல போடுய்யா!"

டாக்டர் சண்டை போடவில்லை. மீனை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் படத்தகட்டின் மேல் வைத்து, ஒளி புகாத பெட்டிக்குள் பூட்டினார். சில நாள் கழித்துத் தகட்டைக் கழுவி எங்களிடம் காட்டினார். மச்சான், காமிரா இல்லை, விளக்கு இல்லை, வெயில் இல்லை. அந்தச் செத்த மீன் தன்னைத் தானே வரைந்திருந்தது! மீனுக்குள் புகுந்த குண்டின் கதிர்தான் வரைந்ததாம், அவர் சொன்ன "ஹாட்" அதுதானாம். செவுள் வெள்ளை வெளேர் என்று, குடல் ஒவ்வொரு மடிப்பாக, கடைசியாகத் தின்ற பாசிகூட வயிற்றுக்குள் நட்சத்திரம் நட்சத்திரமாக. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூட நின்று பார்த்த எங்கள் பாதிரியார் தொப்பியைக் கழற்றிவிட்டார். இத்தனை அழகாக எதையும் நான் பார்த்ததில்லை. இத்தனை பயந்ததும் இல்லை.

லிஜூன் மட்டும் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "அதைத் தின்னுற எங்களை அந்தப் பொட்டிக்குள்ள வெச்சா, எங்க படமும் விழுமா? கேளு" என்றாள். இந்த ஒரு தடவை தப்பில்லாமல் மாற்றிச் சொன்னேன் என்றே நம்புகிறேன். ஏனென்றால் டாக்டர் குழந்தையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், அப்புறம் கத்தியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே இனி இந்த வீட்டில் மீன் கிடையாது; டப்பா இறைச்சியும் சோறும்தான். இது உறுதி. மச்சினி மெர்சாவுக்கு எங்கள் அன்பு, தங்கள் மூட்டுவலிக்கு எங்கள் ஜெபம்.

இப்படிக்கு,
ஜோர்போன்

பி.கு.: தபால் படகு தாமதம். டப்பாக்கள் தீர்ந்துவிட்டன. இன்று மதியம் லிஜூன் கிளிமீன் சுட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு தின்றேன், உள்ளே ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா என்று. தெரியவில்லை. ருசி பிரமாதம். தாங்கள் அவசியம் வரவும்.