மீனுக்குக் காற்றடித்த கதை

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்பவனுக்கு மிக ஆபத்தான கட்டம், அதில் பாதி தெரிந்துவிட்ட கட்டம்தான். ஒன்றுமே தெரியாதவன் சும்மா இருப்பான். பாதி தெரிந்தவன் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்லுவான். (நான் சேலம் வரைக்கும் போன் போட்டுக் கூப்பிட்டிருந்தேன்.)

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக எனக்கு லாரி டயர் கடை. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. லாரி வராத நேரமெல்லாம் செல்போனில் வீடியோ பார்க்கிறவன் கண்ணில் என்றைக்காவது அக்வாபோனிக்ஸ் பட்டே தீரும். எனக்கும் பட்டது. கீழே தொட்டியில் மீன், மேலே ஜல்லி நிரப்பிய தட்டில் செடி. மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். ஜல்லியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைச் செடிக்கு உணவாக மாற்றும். செடி எடுத்துக்கொண்டது போக, தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கே வரும். மண் வேண்டாம், உரமும் வேண்டாம்.

என் மனைவி கவிதாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, டியூப்ல ஓட்டை பாக்கறதுக்குக் கடையில ஒரு தொட்டி தண்ணி வெச்சிருக்கறீங்களே. அதுல நாலு மீன உட்டா ஆகாதுங்களா?"

"அது வேற, இது விஞ்ஞானம்."

"சரி, மொளகா காயப்போடற எடத்த எடுத்துக்குங்க. திங்கறதுக்கு மீன் புடிக்கறது வேற. உங்க கூத்துல ஒரு உசுரு போச்சுன்னு வையுங்க, அன்னிக்கே தொட்டியப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துருவேன்."

இரும்புக் கூண்டு போட்ட பெரிய வெள்ளைத் தொட்டி ஒன்றை வாங்கி, மேல்பகுதியை அறுத்துக் கவிழ்த்துச் செடித்தட்டு செய்தேன். அதில் சைபன் என்று ஒரு குழாய் உண்டு. தட்டில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். ஒரு மட்டத்துக்கு வந்ததும் யாரும் தொடாமலே 'களக்'கென்று மொத்தமும் கீழே இறங்கிவிடும். மறுபடி ஏறும், மறுபடி களக். அது எப்படித் தெரிந்துகொள்கிறது? தலையைச் சாய்த்து, காதை வைத்து, டார்ச் அடித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கீழே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் களைத்தார்கள். ஜல்லியில் நுண்ணுயிர் குடியேறட்டும் என்று சில வாரம் காத்திருந்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரிதான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

மேட்டூர்ப் பக்கமிருந்து ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வந்த அன்று, கவிதாவின் அண்ணன் செல்வராசு மச்சானும் வந்து சேர்ந்தார். மச்சானுக்குச் சொந்தமாகப் போர் போடும் ரிக் வண்டி இருக்கிறது. எங்கே போர் போட்டுத் தண்ணீர் வந்தாலும் முதலில் அதில் பால் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. அந்த ஞாபகத்தில் தூக்குப்போசி நிறையப் பாலோடு மாடி ஏறினார்.

"தொட்டியில எதுக்கு மச்சான் பாலு?"

"புதுத் தண்ணிக்குப் பாலு ஊத்தாம இருந்தா நல்லாவா இருக்குது மாப்ளே?"

வீடியோவில் யாரும் பால் ஊற்றவில்லையே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பால் சத்துள்ளது, மீன்களோ குஞ்சுகள். விஞ்ஞானப்படியே சரியாக வந்தது. சொந்தம் மொத்தமும் ஆளுக்கொரு செம்பு ஊற்றியது. போட்டோவுக்காக நான் மட்டும் இன்னொரு செம்பு ஊற்றினேன்.

மறுநாள் காலை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மோட்டார் ஓடவில்லை. மாடிக்குப் போனால், தண்ணீர் வெளுத்துக் கிடக்க, மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கவிதா, வந்து பாரு. அதுக்குள்ள என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிச்சு. பசின்னு கேக்குது."

ஒரு கை தீனி போட்டேன். வாய்கள் மூடவில்லை. இன்னொரு கை போட்டேன். இரவு தங்கியிருந்த மச்சான் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் பாலு குடிச்ச தெம்பு மாப்ளே."

மேலே வந்த கவிதா தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பசின்னா தீனியத் திங்கோணுமல்லங்க? அது பாட்டுக்கு மெதக்குது, ஒண்ணுகூட வாய் வெக்கல. மூச்சு முட்டுதுங்க அதுகளுக்கு."

என் பதற்றத்தைப் பார்க்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தொட்டியை ஒருமுறை சுற்றி வந்தேன். எதிர்ப்பக்கமாக இன்னொருமுறை சுற்றினேன். தண்ணீருக்கு விசிறி வீசினேன். அப்போதுதான் பொறி தட்டியது. காற்றுதானே வேண்டும்? காற்று விற்றுப் பிழைக்கிறவன் அல்லவா நான்?

கம்ப்ரசரில் முந்தின நாள் பிடித்து வைத்த காற்று அப்படியே இருந்தது. மச்சானைக் கீழே கம்ப்ரசர் பக்கம் நிறுத்திவிட்டு, டயருக்கு அடிக்கும் ஓஸை மாடிக்கு இழுத்து, முனையைத் தொட்டிக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"தொறங்க மச்சான்" என்று கீழே குரல் கொடுத்தேன்.

ரிக்காரருக்கு வால்வை அரைகுறையாகத் திறந்து பழக்கமில்லை.

போர் போடும்போது தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சி அடிக்குமே, அப்படி அடித்தது. தண்ணீரோடு மீனும் போனது. ஓஸ் என் கையை உதறிவிட்டு மாடி முழுக்கத் துள்ளியது. நான் அதைப் பிடிக்க ஓட, அது திரும்பி என்னைத் துரத்தியது. சட்டைப் பையில் ஏதோ நெளிந்தது, மீன். "காத்துப் போதுங்களா மாப்ளே?" என்று கீழேயிருந்து மச்சான் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். படியில் பாய்ந்து இறங்கிய கவிதாதான் வால்வை மூடினாள்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மாடிச் சுவரோரம் வந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை நீட்டினார். உள்ளே தண்ணீரில் ஒரு மீன்.

"இது உங்க ஊட்டுதுங்களா? துணியோட காஞ்சுட்டு இருந்துச்சு."

தண்ணீரில் இப்போது கம்ப்ரசர் எண்ணெய் வேறு வானவில்லாக மினுங்கியது. கவிதா என்னைத் திட்டவில்லை. (திட்டியிருந்தால் தேவலை.) சிதறிய மீன்களைப் பொறுக்கி உள்ளே போட்டாள், பாதித் தண்ணீரைத் திறந்து விட்டாள், வீட்டுக்கான மேல்தொட்டியிலிருந்து நல்ல தண்ணீர் விட்டாள். பிறகு ஒரு செம்பை எடுத்து, மொண்டு, தலைக்கு மேலே தூக்கி ஊற்றினாள். மறுபடி மொண்டாள்.

"நிக்காதீங்க, ஆத்துங்க."

"எதை?"

"கொழந்தைக்குப் பாலு ஆத்துவமே, அதுமாதிரி. ஒசரத்துல இருந்து உழுந்தா காத்தும் கூடவே போகுமல்லங்க?"

ஆற்றினோம். மச்சான் ஆற்றினார். டீச்சரும் சுவர் தாண்டி வந்து ஆற்றினார். தோள் கழன்று விழும் நேரத்தில், நடுவில் ஒரு மீன் வாயை மூடிக்கொண்டு கீழே போனது. பிறகு இன்னொன்று. கரண்ட் வந்து மோட்டார் ஓடியபோது மேலே எதுவும் மிதக்கவில்லை.

ஒன்று மட்டும் தண்ணீர் வெளியேறும் குழாயோரம் செத்துக் கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள் கவிதா. இரும்புக்காரனின் மணியோசை எனக்கு அப்போதே கேட்டுவிட்டது.

"தொட்டி இருக்கட்டும்" என்றாள். "நீங்க வேண்டாம்."

அப்புறம் விசாரித்ததில் விவரம் தெரிந்தது. பாலைத் தின்று பெருகிய கண்ணுக்குத் தெரியாத கூட்டம் தண்ணீரில் கரைந்திருந்த காற்றையும் சேர்த்து முடித்திருக்கிறது. அதே கண்ணுக்குத் தெரியாத சாதிதான் ஜல்லியில் உட்கார்ந்து செடிக்குச் சமைத்துப் போடுகிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்றால் அனுமதி இல்லை. தொட்டி இப்போது கவிதாவுடையது. கீரையும் தக்காளியும் டீச்சர் வீடு வரை போகின்றன. எனக்கு நாற்காலி உண்டு, கை நீட்டக் கூடாது.

போன மாதம் குடும்பத்தோடு திருச்செங்கோட்டு மலைப்படி ஏறினோம். பாதியில் மூச்சு வாங்க, தூணைப் பிடித்து வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். மேல்படியிலிருந்து மச்சான் திரும்பிப் பார்த்தார்.

"கவிதா, மாப்ளைக்குப் பசியாட்ட இருக்குது. ஒரு கை தீனி போடு."

நான் மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். கவிதா கையிலிருந்த பொரியை வாயில் போட்டுவிட்டாள்.