புதன்கிழமை லோடில் வரும் மருந்து

சுங்குவார்சத்திரம்,
14.9.2014

மதிப்பிற்குரிய அறிவியல் மாத இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் ஆசிரியர் குழுவும் கட்டுரையாளர்களும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டு நலத்தைக் கெடுக்கிறவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. நான் பலராமன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருடம் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் இதழின் நெடுநாள் சந்தாதாரன். ஆகஸ்ட் இதழில் தாங்கள் பெரிய மனது பண்ணி வெளியிட்ட ‘குறி தவறாத குமிழ் மருந்து’ என்ற கட்டுரை என் வீட்டில் செய்த சேவையைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

என் மனைவி செங்கமலத்துக்குப் போன வருடம் மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. மறுபடி வராமலிருக்க ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை என்றார் டாக்டர். அதைப் போட்டால் உடம்பெல்லாம் எரிகிறது, மூட்டெல்லாம் குடைகிறது என்று புலம்பிக்கொண்டே விழுங்கி வந்தாள். புலம்பலும் விழுங்கலும் நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்த குடும்பம் ஐயா இது. பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது என்பதால் தங்கள் கட்டுரையை நான் வாசித்துக் காட்டினேன். தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சடித்தது தாங்கள்.

உடம்பிலுள்ள செல்கள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களை வெளியே விடுகின்றனவாம், ஒரு செல்லின் சேதியை அவை இன்னொரு செல்லுக்குக் கொண்டுபோகின்றனவாம், சொந்தச் சரக்கு என்பதால் உடம்பு அவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லையாம், ஆகவே விஞ்ஞானிகள் அந்தக் குமிழுக்குள் மருந்தை ஏற்றி நோய் இருக்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பப் பார்க்கிறார்களாம். “இன்னாய்யா சொல்ற, ஒண்ணும் பிரியல” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். எட்டு வருடம் நாற்பது பஸ்ஸைக் கட்டி மேய்த்த வாய் சும்மா இருக்குமா? “கம்பெனி பஸ்ஸுன்னு வெச்சிக்கோ. கேட்ல செக்யூரிட்டி கைகாட்டி நிறுத்த மாட்டான். உள்ள யாரு குந்திகினு கீறான்னும் பாக்க மாட்டான். அதுல மருந்தை ஏத்தி அனுப்பிச்சிடறாங்க” என்றேன். தங்கள் கட்டுரையாளர் நான்கு பக்கத்தில் புரியவைக்காததை நான் நான்கு வரியில் புரியவைத்துவிட்டேன். மறுநாள் காலை மாத்திரை தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

“கட்டி வந்தது ஒரு எடத்துல. இந்த மாத்திரை உடம்பு பூரா சுத்திகினு கீது. அந்த பஸ் மருந்து வரட்டும், துன்றேன்” என்றாள். நான் பதறிப்போய்க் கட்டுரையின் கடைசிப் பத்தியைத் தேடி எடுத்தேன். எலிகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஊசியில் ஏற்றுகிற குமிழ்களில் பெரும்பகுதி கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது என்ற அந்தச் சின்ன விஷயத்தைத் தாங்கள் அங்கேதானே பத்திரமாக ஒளித்து வைத்திருந்தீர்கள்! அதை உரக்க வாசித்தேன். “உன் பஸ்ஸெல்லாம் மட்டும் நேராவா போச்சி? இங்க டீக்கடையாண்ட நின்னுட்டுதான போச்சி. அப்பால கம்பெனிக்குப் போய்ச் சேரல?” என்றாள். இதழை மூடி வைத்துவிட்டேன்.

மாடியில் குடியிருக்கும் சுகப்பிரியாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, படித்தவள், எடுத்துச் சொல்வாள் என்று நம்பினேன். அவளோ, “ஆன்ட்டி சொல்லுததும் நியாயந்தான அங்கிள். எங்க லைன்ல ஸ்க்ரூ போடணும்னா அதுக்குன்னு உள்ள ஓட்டையிலதான் போடுவோம். போர்டு முழுக்கவா போடுவோம்?” என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போய்விட்டாள். சரி, இப்படி ஒரு மருந்தே கடையில் இல்லை என்று கடைக்காரன் வாயாலேயே சொல்ல வைப்போம் என்று செங்கமலத்தை மெடிக்கல் ஷாப்புக்கே கூட்டிப் போனேன். நம் ஊரில் எந்தக் கடைக்காரன் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறான்? கடைக்கார மாரி இரண்டு நிமிடம் கம்ப்யூட்டரைப் பார்த்தான். “குமிழ் மருந்தா? ஸ்டாக் முடிஞ்சிபோச்சிம்மா. ஆர்டர் போட்டுக்கீறேன், புதன்கெழமை லோடுல வந்துடும்” என்றான். உலகத்தில் எந்த மருந்துக்கடைக்கும் இன்னும் வராத மருந்து சுங்குவார்சத்திரத்தில் விற்றுத் தீர்ந்துவிட்டது. தங்கள் விஞ்ஞானிகளுக்குத் தெரிவித்து விடுங்கள். மூன்று புதன்கிழமை போய்விட்டது. ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் புடவை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய் வருகிறாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். “கட்டியிலேர்ந்து தப்பி ஒதுங்கின செல் ஏதாவது எங்கயாவது இருக்கலாம், எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது, அதனாலதான் உடம்பு முழுக்கப் போற மாத்திரை கொடுத்தேன். நிறுத்தினா திரும்ப வரலாம்” என்று என்னைத் திட்டினார். கட்டுரை எழுதினவருக்குச் சேர வேண்டிய திட்டு அது. இன்றோடு இருபத்தாறு நாள் மாத்திரை உள்ளே போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த மாதிரி இன்னொரு தடவை என்னால் உட்கார முடியாது.

ஆகவே அடுத்த இதழின் முதல் பக்கத்தில், ‘குமிழ் மருந்து இப்போதைக்கு வராது, வந்தாலும் பத்து வருடம் ஆகும், சுங்குவார்சத்திரம் செங்கமலம் அம்மாள் டாக்டர் கொடுத்த மாத்திரையை உடனே சாப்பிடவும்’ என்று கொட்டை எழுத்தில் மறுப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் என் சந்தாவை இன்றே நிறுத்திக்கொள்ளவும்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நாள் தவறாமல் மாத்திரை விழுங்கி நீடூழி வாழ வேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொள்ளும்,
பலராமன்

பி.கு.: தயவுசெய்து மறுப்பு எதுவும் வெளியிட வேண்டாம். உறையில் போடும்போது, அப்படி என்னத்தை ரெண்டு மணி நேரமாக எழுதினாய், வாசி என்றாள் செங்கமலம். வாசித்தேன். கடைசிப் பத்தியில் கையைப் பிடித்து நிறுத்தினாள். “பத்து வருசத்துல மெய்யாலுமே வந்துடுமா?” என்றாள். வரும் என்று சொல்லிவிட்டேன். “அப்ப அதுவரைக்கும் நான் இருக்கணுமே” என்று எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டு என் எதிரில்தான் நிற்கிறாள். ஆகவே சந்தாவை நிறுத்த வேண்டாம். குமிழ் மருந்து வந்துகொண்டே இருக்கிறது என்று மாதா மாதம் ஒரு பத்தியாவது எழுதுங்கள், வாசித்துக் காட்ட நான் இருக்கிறேன். உண்மை இல்லையென்றாலும் பரவாயில்லை ஐயா, எழுதுங்கள்.