அறுபத்திரண்டாவது போன்

"மூணு தடவ தப்பாப் போச்சு தாயி. இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டார் அய்யாத்துரை.

"ஏழு," என்றாள் முத்துமாரி. "அதுவும் போச்சுன்னா போன் தன்னாலயே எல்லாத்தையும் அழிச்சிரும். ஏன் அண்ணாச்சி, நாலு நம்பர் மண்டையில நிக்காதா?"

"லிஃப்ட்ல எத்தன நட்டுன்னு கேளுங்க, சொல்லுதேன்."

பம்பாய் செம்பூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. அறுபத்திரண்டு மெக்கானிக்குகள், அறுபத்திரண்டு கம்பெனி போன்கள், அத்தனையையும் மேய்க்க ஒரே ஒரு முத்துமாரி. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். அந்தப் பாவத்துக்கு, தாராவியில் அவள் சந்தில் யாருடைய போன் ஹேங் ஆகித் தொங்கினாலும் அவளிடம்தான் வரும். ஆபீசிலும் அதே கதி என்றால் எதற்குப் படித்தோம் என்று அவளுக்கே சில நாள் தோன்றும்.

ஆறு மாத சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. ஐந்து மணிக்கு மேனேஜர் சாய்நாத் வந்து அவள் திரையைப் பார்ப்பார். போனுக்கு ஒன்றாக அறுபத்திரண்டு கட்டங்களும் பச்சையாக இருந்தால் வேலை நிரந்தரம். அவள் வந்தபிறகு ஏற்கெனவே இரண்டு போன்கள் அழிந்துவிட்டன. மூன்றாவதும் அழிந்தால் நீயும் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். போன மாதப் படிவத்தில் 'வேலை நன்று, பொறுமை குறைவு' என்று வேறு எழுதியிருந்தார். படிவத்தில் பொறுமைக்கென்று ஒரு கட்டம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

இப்போது அறுபத்தொரு கட்டங்கள் பச்சை. ஒன்று சிவப்பு. அய்யாத்துரை எடுத்த லிஃப்ட் பரிசோதனைப் படங்கள் அத்தனையும் அந்தப் போனுக்குள்தான் இருந்தன. அப்லோட் பட்டனை அவர் ஒருநாளும் அமுக்கியதில்லை.

பத்துத் தடவை தப்பானால் அழித்துவிடு என்ற விதியைப் போட்டதும் முத்துமாரிதான். சயான் ஸ்டேஷன் நெரிசலில் ஒரு மெக்கானிக் போனைப் பறிகொடுத்த வாரம் அது. அப்போது எல்லாரும் பாராட்டினார்கள்.

அய்யாத்துரை மான்குர்த்தில் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் நின்றார். கை முழுக்க கிரீஸ். அதனால் கட்டடத்து வாட்ச்மேன் ரஹ்மத்துல்லா அவருக்காக எண்களை அடித்துக்கொண்டிருந்தார். பேச்சும் ரஹ்மத்துல்லாவின் சொந்த போனில்தான், ஸ்பீக்கரில். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. அது ஒரு பிரச்சினையாகவே யாருக்கும் தோன்றவில்லை. பம்பாய்த் தமிழர்கள் சண்டையைத் தமிழில் போட்டாலும் எண்களை இந்தியில்தான் சொல்வார்கள்.

முத்துமாரி தன் கம்ப்யூட்டரிலிருந்தே போனுக்குப் புது எண் கொடுத்தாள்.

"வாட்ச்மேன் பையாவ அடிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. தோ, பாஞ்ச்... சே, இந்தக் கம்ப்யூட்டர் வேற தொங்குது... நௌ, ஏக்."

டக் டக் என்று கேட்டது.

"தப்புங்கு தாயி."

அடித்த எண் திரையில் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும். ஆகவே எங்கே தப்பு என்று கேட்டும் பயனில்லை. அவசரத்தில் எண் கைதவறி விழுந்திருக்கும் என்று நினைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பாதியில் லிஃப்ட் அலாரம் அலறியது.

"தோ. பாஞ்ச். நௌ. சே, அந்த பெல்ல யாராவது நிறுத்துங்களேன். ஏக்."

அதுவும் தப்பு.

சரி, எளிதாக 1111 என்று வைத்துவிடலாம் என்று பார்த்தாள். எளிதான எண் கூடாது என்று கம்ப்யூட்டர் மறுத்தது. அந்த விதியும் அவள் போட்டதுதான். இரண்டு தடவை முட்டியதில், இனி எட்டு இலக்கத்துக்குக் குறைந்ததை ஏற்கமாட்டேன் என்று அது முறுக்கிக்கொண்டது. எட்டு இலக்கம் வைத்தாள்.

"ஏக், சாத், தோ, தீன்... அண்ணாச்சி, அங்க யார்கூடப் பேசுதீங்க? சே, நான் இங்க தொண்ட கிழியக் கத்துதேன். நௌ, ஆட், பாஞ்ச், ஏக்."

தப்பு. போன் ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டது. அது திறந்ததும் மறுபடி தொடங்கினாள்.

"ஏக், சாத்..."

"தாயி, பையா என்னமோ கேக்காரு."

"சே, அவரக் கேள்வி கேக்கச் சொல்லாதீங்க. நான் சொல்ற நம்பர மட்டும் அடிக்கச் சொல்லுங்க. தோ, தீன், நௌ, ஆட், பாஞ்ச், ஏக்."

சொன்ன நம்பரை மட்டும் ரஹ்மத்துல்லா அடித்தார். ஏழாவதும் போனது.

போனை ஒருதரம் அணைத்து எழுப்பச் சொன்னாள். அது எழுந்துகொண்டிருக்கும்போது அய்யாத்துரை கேட்டார்: "கைய மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிட்டேன். எப்பவும்போல வெரல வச்சுத் தெறக்கட்டா?"

முத்துமாரி நாற்காலியில் நிமிர்ந்தாள். "வெரல் வச்சாத் தெறக்குமா? முன்னாடியே சொல்லப்படாதா?"

"நீங்க நம்பர்தான கேட்டீங்க."

விரலை வைத்தார். அணைத்து எழுப்பிய போன் முதல் தடவை எண்ணைத்தான் கேட்கும். அணைக்கச் சொன்னது யார் என்று அய்யாத்துரை கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

எட்டாவது தடவை நடுவில் சே என்று அவள் மேசையில் அடித்தாள். ஒன்பதாவது தடவை, எண்ணுக்கு நடுவில் சே சே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். மிச்சம் ஒன்று.

நாற்காலிக்குப் பின்னால் செண்ட் வாசனை வந்தது. சாய்நாத். கையில் அவள் படிவம், பேனா மூடி திறந்திருந்தது. மணி நாலே முக்கால்.

பெற்ற தாயிடம்கூட முத்துமாரி அப்படிப் பேசியதில்லை. குரலில் தேன் ஒழுக, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, பாலர் பள்ளி டீச்சர்போலச் சொன்னாள்.

"ஏக். சாத். தோ. தீன். நௌ. ஆட். பாஞ்ச். ஏக்."

டக் டக்.

"தெறந்துட்டு தாயி."

அப்லோட் பட்டனை அமுக்கச் சொன்னாள். படங்கள் ஒவ்வொன்றாக ஏறின. கட்டம் பச்சையானது. சாய்நாத் படிவத்தில் 'குறைவு' என்பதை அடித்துவிட்டு 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முத்துமாரி இணைப்பைத் துண்டிக்காமலே அறிக்கையைத் தட்டி, அய்யாத்துரைக்கும் படித்துக் காட்டினாள். அவளுக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. "கோளாறுக்குக் காரணம்: பயன்படுத்துபவரின் கவனக்குறைவு. பரிந்துரை: திரு. அய்யாத்துரைக்கு மூன்று நாள் பயிற்சி, எண்களைக் கவனமாகக் கேட்டு அடிப்பது எப்படி என்று."

"போட்டுக்கோங்க தாயி. நம்ம மண்ட அப்படித்தான்."

அனுப்பிவிட்டாள். அறிக்கை தலைமை ஆபீசுக்கே போய்விட்டது. மறுமுனையில் இந்தியில் ஏதோ முணுமுணுப்பு.

"என்னவாம் அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி, அப்பவே கேக்க வந்தாராம், நீங்க விடலியாம். ஒவ்வொரு தடவையும் நம்பருக்கு நடுவுல இந்தியில ஒரு ஆறு சொன்னீங்களே, கடைசித் தடவ மட்டும் ஏன் மேடம் 'சே' சொல்லலன்னு கேக்காரு."