நான் காப்பாற்றிய சாம்பியன்

எங்கள் பக்கத்தில் ஒருவர் தனக்கு நீச்சல் தெரியும் என்று சொன்னால் யாரும் மெச்சமாட்டார்கள். "தண்ணி எங்கிட்டுக் கெடக்கு?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அருப்புக்கோட்டையில் குளிக்கிற தண்ணீரையே பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள்.

எனக்குத் தண்ணீர் கிடந்த இடம் திருச்சுழிக்குப் பக்கத்தில் தாய்மாமாவின் பம்புசெட்டுக் கிணறு. ஐப்பசி மழை ஏமாற்றாத வருடங்களில் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். விடுமுறை விட்டால் அங்கேதான் கிடப்பேன். மாமாவின் மகன்கள் யாரும் என்னை முந்தியதே இல்லை. (முந்தவிட்டால்தானே! காலைப் பிடித்து இழுத்துவிடுவேன்.)

அந்தக் கிணற்றில் ஒரு சட்டம் உண்டு. முங்கினவர் தலை உடனே மேலே வரவேண்டும். அடிவரைக்கும் போவதாக இருந்தால், "மண்ணெடுக்கப் போறேன்" என்று கத்திவிட்டுத்தான் முங்கவேண்டும். சொல்லாமல் முங்கியவரின் தலை தெரியவில்லை என்றால், பக்கத்தில் இருக்கிறவர் யோசிக்காமல் பாய்ந்து முடியைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். மற்ற எதற்கும் சிரித்துக்கொண்டே போகிற மாமா, இதில் மட்டும் அடித்துவிடுவார்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது மாமா என் நீச்சலை போனில் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். அப்பா நூல் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வந்த ஒருவரையும் அந்த வீடியோவைப் பார்க்காமல் அவர் போகவிடவில்லை. பார்த்தவர்களில் யாரோ, "மதுரையில கிளப்புல சேத்துவிடுங்க அண்ணாச்சி, எங்கயோ போயிரும் புள்ள" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மதுரை பஸ்ஸில் இருந்தோம்.

முதலில் போனது ஒரு சின்ன கிளப். தகரக் கொட்டகை, பாசி வாடை, கழுத்தில் விசிலோடு ஒரு டீச்சர். என்னை நீந்தச் சொல்லிப் பார்த்தார்.

"நல்ல வேகம் சார். ஆனா தலையத் தூக்கிக்கிட்டே நீந்துறா. டைவ் அடிக்க, சுவத்துல திரும்ப எல்லாம் கத்துக்கட்டும். தொடக்கநிலைப் போட்டி கொஞ்சம் நீந்தட்டும். அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம்."

வெளியே வந்ததும் அப்பா, "எம்மகள ஒண்ணாப்புல போய் உக்காரச் சொல்லுறாக" என்றார்.

"ஆமாப்பா, அவுகளுக்கு நம்ம அரும தெரியல" என்றேன் நான். (பதின்மூன்று வயதில் என் பவுசைப் பாருங்கள்.)

இரண்டாவது கிளப்பில் கண்ணாடிக் கதவு, ஏ.சி. அறை, சுவர் முழுக்கக் கோப்பை. என் நீச்சலைப் பார்த்தார்களோ இல்லையோ, அப்பாவுக்குக் காபி வந்தது. அடுத்த மாதம் கிளப்புகளுக்குள் ஒரு போட்டி நடக்கப் போகிறது, மூன்று நிலைகள் இருக்கின்றன என்றார் மேனேஜர்.

"இருக்கறதுலயே ஒசந்தது எது?"

"மாநில நிலை சார். அதுல வர்றவங்க எல்லாம்…"

"அதுலயே போடுங்க." நூலில்கூட இரண்டாம் தரத்தைக் கையால் தொடாத மனிதர் அப்பா. நீச்சலையும் அப்படியே கொள்முதல் செய்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "ஒரே ஒரு போட்டிதான். பேரு சொல்ற மாதிரி நீந்திட்டா வாராவாரம் கூட்டிட்டு வாரேன். இல்லன்னா, ஞாயித்துக்கிழமையானா கடையில வந்து உக்காரு."

மாமாவின் கிணறு அப்போதே தரை தட்ட ஆரம்பித்திருந்தது. இந்த நீலத் தண்ணீரும் போய்விட்டால் அடுத்த ஐப்பசி வரைக்கும் எனக்கு வாளித் தண்ணீர்தான். அதை நினைத்து அன்று பஸ்ஸிலேயே அழுதேன்.

போட்டிக்கு முன் சில ஞாயிறுகள் பயிற்சி கிடைத்தது. என்னோடு நீந்தியதெல்லாம் சின்னப் பிள்ளைகள். போய்ச் சுவரைக் கையால் தொடுவோம், திரும்பி வருவோம். பெரிய வீராங்கனைகள் விடியற்காலையில் வந்து நீந்திவிட்டுப் போய்விடுவார்களாம். அருப்புக்கோட்டை பஸ் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆக, அவர்கள் எப்படி நீந்துவார்கள் என்று தெரியாமலேயே அவர்களோடு போட்டி போடப் போனேன்.

போட்டி அன்று அப்பா வெள்ளை வேட்டி, அம்மா பட்டுப்புடவை. எனக்குப் பக்கத்துத் தடத்தில் நிவேதா என்று ஒரு மதுரைப் பெண் நின்றாள். போன வருட சாம்பியன் அவள்தான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, எதிரி அல்லவா!

விசில் அடித்ததும் கிணற்றுப் பழக்கதோஷத்தில், "தள்ளிக்கோங்க, வாரேன்!" என்று கத்திக்கொண்டு குதித்தேன். கூட்டம் சிரித்தது. தலையைத் தூக்கிக்கொண்டு வெறித்தனமாக நீந்தினேன். நான் பாதிக் குளம் தாண்டுவதற்குள் நிவேதா எதிர்ச் சுவரை நெருங்கிவிட்டாள். தலை தூக்கி நீந்துவதில் ஒரு வசதி, நடப்பது எல்லாம் தெரியும். அவள் சுவரைக் கையால் தொடவில்லை. தலை குப்புறக் கவிழ்ந்தது, கால் இரண்டும் மேலே வந்தது, ஆள் உள்ளே போய்விட்டாள்.

தலை மேலே வரவில்லை. மண்ணெடுக்கப் போவதாக அவள் சொல்லவும் இல்லை.

சுவரில் மண்டை மோதிவிட்டது என்று முடிவு கட்டினேன். போட்டி, அப்பா, கடை எல்லாம் மறந்துபோனது. கயிற்றுக்கு அடியில் புகுந்து அவள் தடத்துக்குள் பாய்ந்தேன். சுவரை உதைத்து, நீருக்குள்ளேயே மீன் மாதிரி எதிரே வந்துகொண்டிருந்த சாம்பியன் நேராக என் கையில் சிக்கினாள். முடியைத் தேடினேன், தொப்பிதான் கையோடு வந்தது. கழுத்தைச் சுற்றி வளைத்து மேலே தூக்கினேன். அவள் திமிறினாள். சாகப் போகிறவர்கள் அப்படித்தான் திமிறுவார்கள் என்று மாமா சொல்லியிருக்கிறார். அதனால் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் வந்துட்டேன்!" என்று அவள் முதுகில் தட்டினேன். அவளுக்கு உண்மையிலேயே மூச்சு முட்டியது அப்போதுதான். விசில் மேல் விசில் ஊதினார்கள். மேலே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரே ஒருவர் மட்டும் எழுந்து கை தட்டினார். "எம்மக! எம்மகதான் காப்பாத்துனா!"

கரையேறியதும் நடுவர் எனக்கு விளக்கினார். அது குட்டிக்கரணத் திருப்பமாம். சுவரை உதைத்துவிட்டு நீருக்குள்ளேயே கொஞ்ச தூரம் போவார்களாம். என்னைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள், நிவேதாவுக்கு மறுபடி நீந்த வாய்ப்புக் கொடுத்தார்கள். மண்ணெடுக்கப் போய் அப்படியே அடியில் தங்கிவிடலாம் என்றிருந்தது எனக்கு.

அப்பாவோ நடுவரிடம் சண்டைக்குப் போய்விட்டார். "ஒரு உசுரக் காப்பாத்தியிருக்கா. ஒரு கப்பு குடுக்க ஒங்களுக்கு மனசு வரலையா?"

நான் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். உண்மை தெரிந்தால் அடுத்த ஞாயிறு கடைதான். அப்போது நிவேதா கண் சிவக்க, கழுத்தைத் தடவிக்கொண்டு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா அங்கிள். நான் முங்கிட்டேன். இவ மட்டும் வரலன்னா…"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறும் மதுரை பஸ் ஏறினோம். இந்த முறை தகரக் கொட்டகைக்கு. "தொடக்கநிலையே போதும்மா" என்று அப்பாவே டீச்சரிடம் சொன்னார். அப்புறம் நான் மாவட்ட நிலை வரைக்கும் நீந்தினேன், அதற்கு மேல் போகவில்லை. இப்போது அதே கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் போதும், "மகள அனுப்பவா?" என்று அம்மா கதவைத் தட்டுகிறார்.

போன வருடம் என் கல்யாணத்துக்கு நிவேதா வந்திருந்தாள். அப்பா அவளைப் பந்தி பந்தியாக அழைத்துப் போய், "இவுகளத்தான் எம்மக காப்பாத்துனா" என்று அறிமுகம் செய்தார். அவளும் சளைக்காமல், "ஆமாங்க, செத்திருப்பேன்" என்று ஒவ்வொரு இலைக்கும் சொன்னாள். பாவம், இந்த மனிதர் கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டே இருக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவள் கிளம்பும்போது அப்பா தாம்பூலப் பையை நீட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

"தாயி, நடுவரு வெளக்குனப்ப நானும் பக்கத்துலதான நின்னேன். நீ மட்டும் அன்னிக்கு அப்படிச் சொல்லலன்னா, வீம்புக்கு இவளக் கடையில உக்காரவச்சிருப்பேன். நெசமாக் காப்பாத்துனது நீதாம்மா."

"அப்பா" என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் யாரோ புதிதாக வர, அப்பா நிவேதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே ஓடினார்.

"வாங்க மாப்ள, இவுகளத்தான் எம்மக…"