பூட்டிய வீட்டின் நன்னடத்தை

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். எல்லா வீட்டிலும் ஒரே நிறுவனத்தின் ஒரே இணையத் திட்டம். அதன் பெயர் 'எல்லையில்லா இல்லம்'. வேறு எந்த நிறுவனமும் எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால், நாங்கள் அனைவரும் இதையே மனமுவந்து தேர்ந்தெடுத்திருந்தோம்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் குடிநீர் வாரியத்தின் கடிதப் பிரிவில் வேலை பார்ப்பவன். 'தண்ணீர் வராது' என்ற ஒரே செய்தியை, ஒன்றரைப் பக்கத்துக்குக் குறையாமல், இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறேன். ஆகவே நல்ல அலுவலகக் கடிதம் ஒன்று கையில் கிடைத்தால், அது என் தலையிலேயே இடியாக விழுந்தாலும், முதலில் ரசித்துவிட்டுத்தான் அலறுவேன்.

'அன்புடையீர், தங்கள் இல்லத்தின் இணையப் பயன்பாடு, நியாயமான குடும்பம் ஒன்றின் பயன்பாட்டைப் போல் நான்கு மடங்காக இருப்பது மிகுந்த வருத்தத்துடன் கவனிக்கப்பட்டுள்ளது. தங்கள் எல்லையில்லாப் பயன்பாட்டை உரிய எல்லைக்குள் அமைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறும்பட்சத்தில், தங்கள் நலன் கருதி வேகம் குறைக்கப்படும்.'

'தங்கள் நலன் கருதி' என்ற மூன்று சொற்களுக்காகவே எழுதியவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. குழாயை மூடும்போதெல்லாம் நாங்களும் அதைத்தான் போடுவோம்.

என் மனைவி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க, நியாயமான குடும்பம்னா யாரு?"

"யாருன்னு போடல. நாம இல்லைன்னு மட்டும் தெளிவா போட்டிருக்கான்."

என் மனைவி சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத நோயாளி ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், டாக்டர் பேசுவதை இவள் எங்கள் பின்னறையில் உட்கார்ந்து கையால் சொல்வாள். அவர் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். கை தெளிவாகத் தெரிவதற்காகப் பின்னால் ஒரு நீலத் துணி, முன்னால் ஒரு விளக்கு, நடுவில் திரை. குரல் கொஞ்சம் விட்டு விட்டு வந்தால் ஊகித்துக்கொள்ளலாம். கை பாதியில் நின்றால் சொல்லும் பாதியில் நிற்கும். அதனால் எங்கள் வீட்டில் டேட்டா தண்ணீராகச் செலவானது உண்மைதான்.

அப்போது அவளிடம் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்துகொண்டிருந்தாள். திரையில் எப்போதும் ரெட்டைச் சடையோடு தோன்றுவாள்; எங்கள் வீட்டில் அவள் பெயரே ரெட்டைச்சடை. அவளுக்கும் காது கேட்காது, புருஷனுக்கும் கேட்காது. மூன்று மாதத்தில் பிரசவம். "வலி எடுத்ததுல இருந்து குழந்தை உன் கைக்கு வர்ற வரைக்கும் நான் இருப்பேன்" என்று என் மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். இதற்கு முன் அவள் கொடுத்த வாக்கு எதையும் தவறவிட்டதில்லை, என்னைக் கட்டிக்கொண்டது உட்பட.

கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். 'நியாயமான பயன்பாட்டு அலுவலர்' என்று பலகை போட்ட மேசைக்குப் பின்னால், இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் இருந்தார். பின்னாளில் எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் 'நியாயம்'.

"எல்லையில்லாத் திட்டம்னுதானே சார் குடுத்தீங்க?" என்றேன்.

"ஆமா சார். திட்டத்துக்கு எல்லையே கிடையாது. வாடிக்கையாளருக்குத்தான்."

"நியாயமான அளவு எவ்வளவுன்னு யாரு முடிவு பண்றது?"

"நீங்கதான்! உங்க தெருவோட போன மாசச் சராசரிதான் அளவு. நாங்களா எதையும் திணிக்கிறதில்ல. அதுக்கு மேல போனா, அது அதிகப் பயன்பாடு."

"சராசரின்னு ஒண்ணு இருந்தா, யாராவது அதுக்கு மேல இருக்கத்தானே செய்வாங்க?"

"அவங்களைத்தான் சார் திருத்தப் போறோம்."

என் மனைவி தன் வேலையைப் பொறுமையாக விளக்கினாள். அவர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவுதானே மேடம்? படத்தை நிறுத்திட்டு குரல் மட்டும் வெச்சுக்கோங்க. பத்துல ஒரு பங்குகூட ஆகாது."

"அவங்களுக்குக் காது கேக்காது சார்."

"அவங்களுக்குன்னே 'தெளிகுரல்'னு ஒரு திட்டம் வெச்சிருக்கோம். சலுகைகூட உண்டு."

"காதே கேக்காது சார்."

"புரியுது மேடம். அதான் குரல் ரொம்பத் தெளிவா இருக்கும்."

என் மனைவி எழுந்துவிட்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், ஒரு யோசனை. அசைவு எவ்வளவு கம்மியோ, டேட்டா அவ்வளவு கம்மி. ரெண்டு கைக்குப் பதிலா ஒரு கையால, சின்னதா சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

ஊர் கூடினால் நியாயம் கிடைக்கும் என்று நம்பித் தெருச் சங்கத்தைக் கூட்டினேன். எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்தான் தலைவர். சராசரி என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்தது.

"ஒரு வீடு நாலு மடங்கு எடுத்தா, அது யாரோட பங்கு? நம்ம பங்கு. இது சின்ன வகுத்தல் கணக்கு" என்றார்.

"அதானே பார்த்தேன்!" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "என் தொடர்ல மாமியார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தா. திறந்த வாய் மூணு நாளா மூடல. சுத்திக்கிட்டே நிக்குது. எல்லாம் உங்க வீட்டுக் கைங்கரியந்தானா?"

நிறுவனத்துக்கு நன்றி தெரிவித்து, எங்கள் வீட்டின் மேல் உரிய நடவடிக்கை கோரி ஒரு மனு கொடுப்பதென்று ஏகமனதாக முடிவானது. மனுவை யார் எழுதுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க எழுத்து மாதிரி வராது சார்" என்றார் வாத்தியார். எழுதினேன். என்னைப் பற்றி இவ்வளவு கோவையாக யாரும் குறை சொன்னதில்லை. இரண்டாவது பத்தியில் எனக்கே என்மேல் கோபம் வந்தது.

எங்கள் வீட்டோடு இன்னும் ஆறு வீட்டின் வேகம் குறைக்கப்பட்டது. வேகம் குறைந்ததால் அவர்களின் பயன்பாடு குறைந்தது. பயன்பாடு குறைந்ததால் தெருவின் சராசரி குறைந்தது. அடுத்த மாதம், நேற்றுவரை நியாயமாக இருந்த எட்டு வீடுகள் எந்தத் தப்பும் செய்யாமலே அநியாயமாகிவிட்டன. அதில் எதிர்வீட்டு அக்காவும் ஒருத்தி. மூன்றாம் மாதம் வாத்தியாருக்கே கடிதம் வந்தது.

"நான் தினம் ஒரு தடவை வானிலை பார்ப்பேன். அவ்வளவுதான்யா!" என்று எங்கள் கூடத்தில் நின்று கத்தினார்.

"தினமுமா சார்?" என்றேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அன்று ராத்திரிக்குள் ஒரு தாளில் கணக்குப் போட்டு, இதே நிலை நீடித்தால் மேலும் ஐந்து மாதத்தில் நியாயமான அளவு பூஜ்யத்தைத் தொட்டுவிடும் என்று நிரூபித்தார். விடை சரியாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அந்த வாரமே 'நியாயம்' எங்கள் தெருவுக்கு நேரில் வந்தார். கையில் ஒரு கேடயம். 'முன்மாதிரி வாடிக்கையாளர்' விருது பதினான்காம் எண் வீட்டுக்கு என்று அறிவித்தார். அது கப்பல்காரர் வீடு. அவர் கடலுக்குப் போய் எட்டு மாதமாகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இணையப் பெட்டியை அணைக்க மறந்திருந்தார்.

"இந்த இல்லத்தைப் பாருங்கள்," என்று பூட்டிய கதவைக் காட்டி அலுவலர் உரையாற்றினார். "எட்டு மாதங்களில் ஒரு புகார் உண்டா? ஒரு தொலைபேசி அழைப்பு உண்டா? பொறுப்புணர்வு என்பது இதுவல்லவா?"

"சார், அந்த வீட்டுல ஆளே இல்ல" என்றாள் அக்கா.

"அந்தக் கட்டுப்பாடுதாம்மா மத்தவங்களுக்கு வரமாட்டேங்குது."

பரிசாக அந்த வீட்டுக்கு மட்டும் அதிகபட்ச வேகம் வழங்கப்பட்டது. கேடயத்தைப் பூட்டின் சார்பில் நான் பெற்றுக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினோம். எதற்கென்று கேட்டால் தெரியாது; அலுவலர் தட்டினார், நாங்களும் தட்டினோம்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரெட்டைச்சடைக்கு வலி எடுத்தது.

திரையில் அவள் முகம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தது. டாக்டரின் குரல் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது: "இப்ப முக்க வேண்டாம், மூச்சை மட்டும் விடுங்க." என் மனைவி கையால் சொன்னாள். 'முக்க' வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 'வேண்டாம்' நடுவழியில் சுற்றிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் பயந்த கண்களோடு திரையையே பார்ப்பது ஒரு நொடி தெரிந்தது. பிறகு அதுவும் உறைந்துவிட்டது.

என் மனைவி கணினியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "கப்பல்காரர் வீட்டுச் சாவியை எடுங்க."

"அது வேற ஒருத்தர் வீடும்மா. அவர்கிட்ட ஒரு வார்த்தை எழுத்துல..."

"ஏங்க. சாவி!"

அவள் முன்னால் ஓட, நான் சாவியும் நீலத் துணியுமாகப் பின்னால் ஓடினேன். போர்வை போர்த்திய சோபாவில் அவள் உட்கார்ந்தாள். கடவுச்சொல்லைக் கப்பல்காரர் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தார். இணைந்ததும் ரெட்டைச்சடையின் நெற்றியில் இருந்த வியர்வைகூடத் துளித்துளியாகத் தெரிந்தது. ஆணி அடிக்க நேரமில்லை. துணியின் இரண்டு முனையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மனைவிக்குப் பின்னால் நானே சுவராக நின்றேன். இரண்டு மணி நேரம். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. என் இருபத்தாறு வருட உத்தியோகத்தில் இவ்வளவு உபயோகமாக நான் எதையும் செய்ததில்லை.

குழந்தை பிறந்தது. அந்தப் பெண் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள். என் மனைவி இரண்டு கையையும் அகல விரித்துப் பதில் சொன்னாள்.

"என்ன கேட்டா?" என்றேன் துணிக்குப் பின்னாலிருந்து.

"அழுதானான்னு கேட்டா. ஊரே கேக்குற மாதிரி அழுதான்னு சொன்னேன்."

நானும் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையில்லாததால் நீலத் துணியிலேயே துடைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால், வாசலில் அக்காவும் வாத்தியாரும் நின்றிருந்தார்கள்.

"குழந்தை நல்லா இருக்கா?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்கு. ஆம்பளப் புள்ள."

"ரொம்ப சந்தோஷம்." கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். "உள்ள வேகம் எப்படி?"

ஒரே வாரத்தில் தெருவே கப்பல்காரர் கூடத்துக்குக் குடிவந்துவிட்டது. கதவருகே செருப்புகள் குவிந்தன. அக்காவின் மாமியார் ஒருவழியாக உண்மையைச் சொல்லிவிட்டு வாயை மூடினாள். வாத்தியார் எல்லா ஊர் வானிலையும் பார்த்தார். ஒரு மத்தியானம் மூலையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்திருந்த ஒருவரின் தாளை விலக்கிப் பார்த்தால், 'நியாயம்'.

"எங்க தெருவுல நான்தான் சார் இந்த மாசம் சராசரிக்கு மேல" என்றார். குரல் கம்மியிருந்தது. "கடிதத்துல நானே கையெழுத்துப் போட்டேன்."

பாவமாக இருந்தது. நகர்ந்து இடம் கொடுத்தோம். அதற்கு நன்றியாக அவர் ஒரு ரகசியம் சொன்னார். இப்படியே போனால் அடுத்த மாதம் இந்த வீட்டுக்கும் கடிதம் வரும், கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், வேகமும் போய்விடும்.

அந்த இடத்திலேயே 'பூட்டிய வீட்டுப் பயனாளர் சங்கம்' உதயமானது. ஆலோசகர், 'நியாயம்'. கணக்கர், வாத்தியார். ஆளுக்கு எவ்வளவு என்பதில் ஒரே கூச்சல். கடைசியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு முறையை வாத்தியார் முன்மொழிந்தார்: கூடத்தில் உள்ளவர்களின் சராசரியை எடுப்பது, அதற்கு மேல் போகிறவர்களுக்குக் கடிதம் கொடுப்பது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை.

"செயலாளர் யாரு?" என்றார் அலுவலர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே நான் எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாத்தியார், "உங்க எழுத்து மாதிரி வராது சார்" என்றுவிட்டார்.

முதல் மாதக் கணக்கில் சராசரிக்கு மேல் ஒரே ஒரு ஆள்தான். வெகு தூரம் மேலே. ஐந்து பிரசவம், ஒரு அறுவை சிகிச்சை, ஒரு பல் பிடுங்கல்.

உட்கார்ந்து எழுதினேன். 'அன்புடையீர்' என்று தொடங்கியதும் பேனா தானாக ஓடியது. ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. 'தங்கள் நலன் கருதி' மிக இயல்பாக வந்து உட்கார்ந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்துபோய், பின்னறையில் நீலத் துணியை மடித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். அடியிலிருந்த என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வாய் திறக்காமல், சைகையில் ஒரே ஒரு பதில் சொன்னாள். ஒரே கையால், சின்னதாக, அலுவலர் அன்று சொல்லிக் கொடுத்தபடியே.

அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.